பெரிய இரை போட்டால் பெரிய மீன்தான் வருமா? பாஸ் மீனும் ராட்சத ஸ்விம்பெய்ட்டும்

அமெரிக்க ஏரிகளில் மீன் பிடிக்கும் காணொளிகளில் அடிக்கடி ஒரு காட்சி வரும். படகில் நிற்பவர் அரை முழ நீளத்தில் ஒரு பொம்மை மீனை வீசுவார். ரீலை மெதுவாகச் சுற்றுவார். திடீரென்று தண்ணீர் கொப்பளிக்கும். கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிய பாஸ் மீன் ஒன்று அவர் கையில் இருக்கும். பார்ப்பவர்கள் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: இரை பெரிதானால் மீனும் பெரிதாகும். கடைக்குப் போய் இருப்பதிலேயே பெரிய இரையாகப் பார்த்து வாங்குகிறார்கள். இரண்டு வாரம் வீசியும் ஒரு கடிகூட விழாமல், அதைச் சுவரில் மாட்டிவிட்டு, ‘எல்லாம் வியாபாரத் தந்திரம்’ என்கிறார்கள்.

இரண்டு பேச்சும் அரைகுறை. பெரிய இரை வேலை செய்யத்தான் செய்கிறது. ஆனால் எவ்வளவு பெரிது என்பதை முடிவு செய்வது மீன் பிடிப்பவரின் ஆசை அல்ல. அந்த ஏரியில் பாஸ் எதைத் தின்று வளர்கிறது என்பதுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

முதலில் ஐந்து பெயர்கள்

இங்கே பாஸ் என்பது வட அமெரிக்க நன்னீர் மீனான லார்ஜ்மவுத் பாஸ். பெயரே சொல்வதுபோல் வாய் பெரியது. மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். நம் கொடுவாவையும் ஆங்கிலத்தில் பாஸ் என்று சேர்த்துச் சொல்வதால் குழப்பம் வரும். அது வேறு குடும்பம்.

லூர் என்பது மரம், பிளாஸ்டிக், ரப்பர் போன்றவற்றில் செய்த செயற்கை இரை. நம்மூரில் விராலுக்குப் போடும் ரப்பர் தவளையும் ஒரு லூர்தான். மீன் உருவத்தில், மீன் நீந்துவதுபோல் நீந்தும் லூருக்கு ஸ்விம்பெய்ட் என்று பெயர். பாஸுக்கு வழக்கமாகப் போடும் லூர் ஒரு விரல் நீளம், 10 முதல் 15 கிராம் எடை இருக்கும். ராட்சத ஸ்விம்பெய்ட் 15 முதல் 30 செ.மீ. நீளம், எடை சுமார் 45 கிராமில் தொடங்கி 200 கிராமைத் தாண்டும்.

மூன்று முனையும் ஒரே தண்டில் சேர்ந்த தூண்டில் முள்ளை இனி மும்முள் என்று சொல்வோம். நரம்பு என்றால் தூண்டில் நரம்பு.

வலைக்கண் கணக்கு இங்கே செல்லாது

வலை போடுகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: கண் பெரிதானால் சின்ன மீன் நழுவிவிடும், பெரியது மாட்டும். ராட்சத லூரையும் அப்படி ஒரு சல்லடையாகத்தான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 25 செ.மீ. பாஸ் ஒன்று 20 செ.மீ. லூரின் வயிற்றில் வந்து முட்டுவது அன்றாடம் நடக்கிறது. விழுங்க முடியாது என்று தெரிந்தும் விரட்டுவதற்காக மோதும், வாலைக் கவ்வி இழுத்துப் பார்க்கும். மும்முள் வெளியே தொங்குவதால் மாட்டியும் கொள்ளும்.

மறுபக்கமும் உண்டு. பெரிய பாஸ் சின்ன இரையைத் தொடவே தொடாது என்பதும் பொய். 2006 மார்ச்சில் தெற்குக் கலிபோர்னியாவின் டிக்சன் ஏரியில் கைத்தராசில் 25 பவுண்டு 1 அவுன்ஸ் காட்டிய ஒரு பாஸ் பிடிபட்டது; உலக சாதனையைவிடப் பெரியது. முள் வாயில் மாட்டாமல் உடலில் குத்தியிருந்ததால் அதைச் சாதனையாகக் கோராமல் விட்டுவிட்டார்கள். அந்த முள் இருந்தது ஒரு சாதாரண ஜிக்கில், அதாவது ஈயத்தலை வைத்த சின்ன லூரில்.

அப்படியானால் ராட்சத லூர் எதற்கு? அது சின்ன மீன்களை ஓரளவு விலக்கும், பெரிய மீனின் கண்ணுக்குத் தப்பாது. கிடைக்கும் மீன்களில் பெரியவற்றின் பங்கு கூடும். மொத்த எண்ணிக்கை குறையும், அதுவும் பலமாகக் குறையும்.

மீனின் வரவு செலவு

சமையலுக்கு வெங்காயம் வேண்டும். ஒவ்வொரு வெங்காயத்துக்கும் ஒரு தடவை கடைக்கு நடப்பவர் யாரும் இல்லை. நடக்கிற நடைக்கு ஒரு கிலோவாக வாங்கி வருவார்கள். பெரிய பாஸின் நிலையும் இதுதான். பாய்ந்து பிடிப்பது ஒவ்வொன்றும் அதற்குச் செலவு. உடல் பெரிதாக ஆக, அந்தச் செலவும் பெரிதாகும். புலிக்கு முயல் பிடிக்கத் தெரியாமல் இல்லை, கட்டுப்படியாகாது. அதனால்தான் கடமானைத் தேடுகிறது.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் பளிச்சென்று தெரியும். ஒரே வடிவமுள்ள இரண்டு மீன்களில், ஒன்று மற்றதைவிட 2 மடங்கு நீளம் என்றால் எடை 2 மடங்கு அல்ல, 8 மடங்கு. ஏனென்றால் நீளத்தோடு உயரமும் தடிமனும் சேர்ந்தே கூடுகின்றன. 5 செ.மீ. குஞ்சையும் 20 செ.மீ. மீனையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 4 மடங்கு. எடை 4×4×4, அதாவது 64 மடங்கு. ஒரு பாய்ச்சலில் 20 செ.மீ. மீனை விழுங்கிய பாஸ், அதே உணவைக் குஞ்சுகளிலிருந்து எடுக்க வேண்டுமானால் 64 தடவை பாய வேண்டும்.

பாஸ் குளிர் ரத்தப் பிராணி. உடல் சூடு தண்ணீரின் சூட்டோடு ஏறி இறங்கும், செரிமானமும் அப்படியே. குளிர்ந்த தண்ணீரில் ஒரு முழு மீனை விழுங்கிய பாஸ் நாள் கணக்கில் அதைச் செரித்துக்கொண்டு கிடக்கும். ராட்சத லூருக்குக் கடி ஏன் இவ்வளவு அபூர்வம் என்பதற்குப் பாதி விடை இது. உங்கள் லூரில் குறையே இல்லாமல் இருக்கலாம். எதிரே இருக்கும் மீன் நேற்றே விருந்து சாப்பிட்டிருக்கிறது.

அதற்காக மூக்குக்கு நேரே வரும் புழுவைப் பெரிய பாஸ் தள்ளிவிடுவதில்லை. செலவே இல்லாத வரவை யார் விடுவார்கள்? சின்ன லூரிலும் பெரிய மீன் மாட்டுவது அதனால்தான்.

இதுவரை பார்த்தது: பெரிய பாஸ் பார்ப்பது இரையின் அளவை மட்டும் அல்ல, அதைப் பிடிக்க ஆகும் செலவுக்கு அது கட்டுமா என்பதை. அளவு கூடினால் வரவு மடங்கு மடங்காக ஏறுகிறது.

எல்லை போடுவது வாய்

பாஸுக்குக் கடித்து மென்று தின்னும் பற்கள் இல்லை. தாடையில் இருப்பது அரம்போல் சொரசொரப்பான குட்டிப் பற்கள். பிடித்ததை வழுக்காமல் நிறுத்த மட்டுமே உதவும். எதுவானாலும் முழுசாகத்தான் விழுங்க வேண்டும். ஆகவே வாய் எவ்வளவு திறக்குமோ அதுதான் எல்லை. தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குள்ள மீனை விழுங்குவது அதற்குச் சாதாரணம். 60 செ.மீ. பாஸ் என்றால் சுமார் 4 கிலோ; 20 செ.மீ. மீன் அதற்கு அளவான உணவு.

ஆனால் நீளத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். தொண்டையில் இறங்க வேண்டியது மீனின் நீளம் அல்ல, முதுகிலிருந்து வயிறு வரையுள்ள உயரம். ரெயின்போ டிரவுட் என்ற மீன் உருளை மாதிரி ஒல்லி. துடுப்பில் முரட்டு முள் கிடையாது. புளூகில் என்ற மீன் தட்டையாக, நம் ஜிலேபிக் கெண்டைபோல் உயரமாக இருக்கும்; முதுகில் வரிசையாக முள். 20 செ.மீ. டிரவுட்டை விழுங்கும் அதே பாஸுக்கு 15 செ.மீ. புளூகில் தொண்டையில் நிற்கலாம். புளூகில் உருவ லூர்கள் குட்டையாகவும் டிரவுட் உருவ லூர்கள் நீளமாகவும் வருவதற்கு இதுதான் காரணம். பாஸ் பெரும்பாலும் இரையைத் தலைப்பக்கமாக விழுங்கப் பார்க்கும். பின்புறமாக இறக்கினால் துடுப்பு விரிந்து குத்தும். லூரின் முதல் மும்முள் தாடைக்குக் கீழேயே தொங்குவதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

வாய் திறக்கும் விதமும் முக்கியம். மை நிரப்பியின் ரப்பரை அமுக்கி விட்டால் மை உள்ளே ஏறும் அல்லவா? பாஸ் வாயையும் செவுள் மூடியையும் ஒரே நொடியில் விரிக்க, தண்ணீர் உள்ளே பாய்கிறது; இரையும் அதோடு போகிறது. 10 கிராம் லூர் இந்த உறிஞ்சலில் சுலபமாக உள்ளே போய்விடும். 150 கிராம் லூர், அதுவும் நரம்பு முறுக்காக இழுத்துக்கொண்டிருந்தால், அசையாது. அதை மீன் வந்து கவ்வித்தான் ஆக வேண்டும். கோலின் வளைவைப் பற்றிப் பின்னால் பேசும்போது இது திரும்ப வரும்.

கலிபோர்னியாவில் ஏன் தொடங்கியது

1959-இல் புளோரிடா வகைப் பாஸ் குஞ்சுகளைக் கொண்டுவந்து சான் டியாகோ அருகே அப்பர் ஓட்டே ஏரியில் விட்டார்கள். புளோரிடா வகை, வடக்கத்திய வகையைவிடப் பெரிதாக வளரக்கூடியது. அங்கிருந்து சுற்றியுள்ள குடிநீர்த் தேக்கங்களுக்கும் அது போனது. குளிர்காலத்தில் அதே தேக்கங்களில் மீன் பிடிக்க வருபவர்களுக்காகப் பண்ணையில் வளர்த்த ரெயின்போ டிரவுட்டை லாரியில் கொண்டுவந்து இறக்குவது வழக்கம். பண்ணையில் தீனி தின்று வளர்ந்த டிரவுட்டுக்கு எதிரி யார் என்று தெரியாது. பெரிதாக வளரும் வம்சம், ஒல்லியான, முள்ளில்லாத, ஏமாளியான இரை: இரண்டும் ஒரே தண்ணீரில். கேஸ்டைக், காசிடாஸ் போன்ற தேக்கங்களில் 15 பவுண்டைத் தாண்டிய பாஸ் வரத் தொடங்கியது இப்படித்தான்.

டிரவுட் உருவ லூர்கள் அதற்குப் பிறகு பிறந்தவை. ஆலன் கோல் மரத்தில் செய்த ஏ.சி. பிளக், கென் ஹடில்ஸ்டன் மென்பிளாஸ்டிக்கில் வார்த்த 8 அங்குல டிரவுட் இரண்டும் இந்தப் பள்ளியில் பேர் பெற்றவை. யாரோ ஒருநாள் ‘பெரிதாகச் செய்து பார்ப்போம்’ என்று கிளம்பவில்லை. பாஸின் வயிற்றில் என்ன இருந்ததோ அந்த அளவுக்குச் செய்தார்கள்.

உலக சாதனைக் கதையும் இதையே காட்டுகிறது. ஜார்ஜ் பெரி 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், சுமார் 10.09 கிலோ. அதைச் சமன் செய்தவர் ஜப்பானின் மனாபு குரிட்டா. 2009 ஜூலை 2, பிவா ஏரி. அவருடைய மீன் சற்றே கூடுதல் எடைதான். ஆனால் இந்த எடைப்பிரிவில் பழைய சாதனையை 2 அவுன்சாவது தாண்டினால்தான் புதுச் சாதனை என்பது விதி. குரிட்டா முள்ளில் கோத்திருந்தது உயிருள்ள புளூகில். பிவாவில் பாஸும் அந்நிய மீன், புளூகில்லும் அந்நிய மீன். புளூகில் ஜப்பானுக்கு வந்தது 1960-இல். அப்போது பட்டத்து இளவரசராக இருந்த அகிஹிட்டோ அமெரிக்கப் பயணத்தில் அன்பளிப்பாகப் பெற்று வந்தது. பின்னாளில், பேரரசராக, அதற்காக வருத்தம் தெரிவித்தார்.

ஆக, உங்கள் ஏரியில் டிரவுட் இறக்குவதில்லை, பாஸ் தின்பது விரல் நீளப் பொடிமீன் மட்டும்தான் என்றால், 25 செ.மீ. டிரவுட் லூருக்கு அங்கே வேலை குறைவு. ஷாட் என்ற வெள்ளி மீன் 15 முதல் 20 செ.மீ. வரை வளரும் ஏரியானால் அந்த அளவு, அந்த வெள்ளி நிறம். லூர் வாங்குவதற்கு முன்னால் ஏரியை விசாரிக்க வேண்டும்.

தூரத்திலிருந்து அழைப்பது

இருட்டில் சாலையோரம் நிற்கும்போது பேருந்து கடந்தால் காற்று வந்து மோதும். சைக்கிள் கடந்தால் தெரியாது. தண்ணீருக்குள்ளும் அப்படியே. பெரிய உடல் நகர்ந்தால் நிறையத் தண்ணீர் ஒதுங்கும். மீனின் இரு பக்கமும் செவுள் முதல் வால் வரை ஓடும் பக்கவாட்டுக் கோடு என்ற உணர்வு வரிசை, அந்த அசைவைத் தொடாமலே அறியும். தெளிந்த தண்ணீரில் கண் இன்னும் தூரம் எட்டும். சின்ன லூரைத் துல்லியமாக மீனின் முன்னால் போட வேண்டும். ராட்சத லூர் ஆழத்திலிருந்தும் மரநிழலிலிருந்தும் மீனை வெளியே வரவழைக்கும்.

வந்த மீன் கவ்வும் என்று நிச்சயம் இல்லை. படகு வரை பின்னால் வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். இதைத் தொடர்வு என்பார்கள். புதியவர்கள் தோல்வியாக எண்ணி வருந்துவது இதைத்தான். பழகியவர்களுக்கோ இது இலவசத் தகவல். பெரிய மீன் குடியிருக்கும் இடம் தெரிந்துவிட்டது. குறித்துக்கொண்டு, வெளிச்சம் மங்கியதும் அதே இடத்துக்கு வரலாம். அல்லது பத்து நிமிடம் ஓய்வு கொடுத்து, வேறு பக்கமிருந்து சின்ன லூரை மெல்ல இறக்கலாம்.

சுருக்கமாக: வாய் எல்லை போடுகிறது, உள்ளூர் இரை அளவைச் சொல்கிறது, பெரிய உடல் தூரத்து மீனை அழைக்கிறது.

எந்த வகையில் தொடங்குவது

கடைகளில் தொங்கும் நூறு பெயர்களையும் நான்காகச் சுருக்கலாம்.

கிளைட் பெய்ட் என்பது நடுவில் ஒரே மூட்டுள்ள கெட்டி லூர். இழுத்தால் பாம்பு ஊர்வதுபோல் இடமும் வலமும் அகலமாக வளைந்து வரும். ஜப்பானின் டெப்ஸ் ஸ்லைடு ஸ்விம்மர் 250, கேன் கிராஃப்ட் ஜாயின்டெட் கிளா 178 இந்த வகை. பெயரில் உள்ள எண் மில்லிமீட்டரில் நீளம். தெளிந்த தண்ணீரில் தூரத்து மீனை வெளியே கொண்டுவர இதற்கு இணை இல்லை. தொடர்வுகள் அதிகம் நடப்பதும் இதில்தான்.

பல மூட்டு லூர் மூன்று, நான்கு துண்டுகளாக நெளியும். சீராகச் சுற்றினாலே போதும், கை வேலை குறைவு.

மென்பிளாஸ்டிக் ஸ்விம்பெய்ட்டின் வால் மட்டும் அசையும். பார்த்தால் சோம்பேறியாகத் தெரியும், அதுதான் அதன் பலம். குளிரில் டிரவுட் அப்படித்தான் நீந்துகிறது. ஹடில்ஸ்டன் லூர்களில் மூழ்கும் வேகத்துக்கு ஒரு எண் கொடுத்திருப்பார்கள். 5 என்றால் 10 விநாடியில் 5 அடி இறங்கும், 12 என்றால் 12 அடி. ஆழம் தெரிந்த இடத்தில் மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, தரைக்கு ஓரடி மேலே லூரை நடத்தலாம்.

வேக் பெய்ட் மேற்பரப்பில் அலை கிளப்பிக்கொண்டு வரும். எலி உருவத்திலும் உண்டு. கோடை இரவுகளுக்கு உரியது.

முதல் லூராக 250 மி.மீ. வாங்க வேண்டாம். 15 முதல் 18 செ.மீ., 45 முதல் 70 கிராம் உள்ள ஒரு கிளைட் பெய்ட்டும், அதே அளவில் ஒரு மென்பிளாஸ்டிக்கும் போதும். இந்த அளவுக்கு நடுத்தர மீன்களும் வரும். அவற்றின் கடியில்தான் கை பழகும்.

கோல், ரீல், நரம்பு

இருக்கிற கோலில் 100 கிராம் லூரைக் கட்டி வீசினால் கோல் நுனி முறியும்; முறியாவிட்டால் ரீல் சிக்கி நரம்பு அறுந்து, லூர் மட்டும் தனியாக ஏரியின் நடுவே போகும். கோலின் அடியில் எத்தனை அவுன்ஸ் வரை வீசலாம் என்று அச்சிட்டிருக்கும். 1 அவுன்ஸ் சுமார் 28 கிராம். லூரின் எடை அந்த உச்ச அளவைத் தொடாமல் கொஞ்சம் உள்ளேயே இருக்கட்டும்.

ராட்சத லூருக்கான கோல் 7.5 முதல் 8.5 அடி நீளம். அடிப்பகுதி முரடாக இருக்க வேண்டும், ஆனால் நுனியிலிருந்து பாதி வரை வளைந்து கொடுக்க வேண்டும். வளையாத கோலில் இரண்டு கெடுதல். மீன் வாய் திறக்கும் அந்த நொடியில் லூர் பின்னால் போக இடமில்லாமல் வாய்க்கு வெளியே நின்றுவிடும். மாட்டிய மீன் குதிக்கும்போது முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

ரீல் 300 அளவு பெய்ட்காஸ்டிங் வகை. கைப்பிடி ஒரு சுற்றுக்கு நரம்பு சுற்றியுள்ள உருளையான ஸ்பூல் 5 முதல் 6 சுற்று சுற்றினால் போதும். வேக ரீலில் மெதுவாகச் சுற்றுவது பேச்சுக்குத்தான் சுலபம். கை தானாக ஓடும்.

நரம்பில் மூன்று வகை. கிளைட் பெய்ட்டுக்கும் மென்பிளாஸ்டிக்குக்கும் 20 முதல் 25 பவுண்டு தாங்கும் ஃபுளோரோகார்பன். தண்ணீரில் மூழ்கும், கண்ணுக்கு அதிகம் தெரியாது. வேக் பெய்ட்டுக்கு மோனோ, அதாவது ஒற்றையிழை நைலான் நரம்பு. அது அவ்வளவாக மூழ்காததால் லூரின் மூக்கைக் கீழே இழுக்காது. 65 முதல் 80 பவுண்டு பின்னல் நரம்பு மிகப் பெரிய லூருக்கும் களை மண்டிய இடத்துக்கும். பின்னல் நரம்பு நீளாது என்பதை மறக்கக் கூடாது. வீசும்போது ஸ்பூல் ஒரு கணம் சிக்கினாலும் பறந்துகொண்டிருக்கும் 150 கிராமின் அடி முழுவதும் முடிச்சில் விழும். முடிச்சு ஒவ்வொரு வீச்சிலும் அடி வாங்குவதால், கடியே விழாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெட்டி மறுபடி கட்ட வேண்டும்.

வீசுவதும் சுற்றுவதும்

சின்ன லூரை மணிக்கட்டால் சுண்டுவோம். இதைச் சுண்டக் கூடாது. நுனியிலிருந்து 60 முதல் 90 செ.மீ. நரம்பு தொங்கட்டும். இரு கையாலும் கோலைப் பிடித்து, பின்னால் மெதுவாகக் கொண்டுபோய், லூரின் எடை கோலை வளைப்பது கைக்குத் தெரிந்ததும், கவணில் கல் விடுவதுபோல் ஒரே சீராக முன்னே கொண்டுவாருங்கள். லூர் தண்ணீரைத் தொடும் முன்னால் கட்டைவிரலால் ஸ்பூலை மெல்ல அழுத்தினால் சத்தமும் குறையும், சிக்கும் விழாது. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாருங்கள். மூன்று மும்முள் தொங்கும் 150 கிராம் கட்டை, சுத்தியலுக்குச் சமம். தொப்பியும் கண்ணாடியும் அலங்காரத்துக்கு அல்ல.

கிளைட் பெய்ட்டுக்குக் கைப்பிடியை அரைச் சுற்று சுற்றி, ஒரு கணம் நரம்பைத் தளரவிடுங்கள். லூர் ஒரு பக்கம் சறுக்கும். அடுத்த அரைச் சுற்றுக்கு மறுபக்கம். தளரவிடாமல் சுற்றினால் நேர்கோட்டில் வரும், அழகெல்லாம் போய்விடும். மீன் பின்தொடர்வது தெரிந்தால் கை தானாக நின்றுவிடுகிறது. இதுதான் எல்லாரும் செய்யும் தவறு. துரத்தப்படும் எந்த மீனும் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்காது. இரண்டு சுற்று வேகமாகச் சுற்றி, சட்டென்று தளரவிடுங்கள். லூர் திரும்பி மீனின் முகத்துக்கு நேரே வரும். கவ்வுவதானால் அந்தத் திருப்பத்தில்தான் கவ்வும்.

மென்பிளாஸ்டிக்கை இரண்டு விநாடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் சுற்றினாலும் வேகம்தான். வால் அசைவது கோலில் மெல்லிய துடிப்பாகத் தெரிய வேண்டும்; அதற்கு மேல் வேண்டாம்.

எப்போது, எங்கே

பெரிய பாஸ் அநேகமாக எல்லாமே பெண் மீன்கள். தண்ணீர் 15 டிகிரியைத் தாண்டியதும் முட்டையிடக் கரைக்கு வரும். அதற்கு முந்தைய சில வாரங்கள், தண்ணீர் 10-இலிருந்து 15 டிகிரிக்கு ஏறும் காலம், ராட்சத லூருக்குப் பொற்காலம். ஆழத்திலிருந்து கரைக்கு வரும் வழியில் பாறை முனை, செங்குத்துச் சரிவு, பழைய ஓடைப்பள்ளம் போன்ற இடங்களில் அவை தங்கித் தின்னும். டிரவுட் இறக்கும் ஏரிகளில் லாரி வந்து போகும் படகுத்துறையைச் சுற்றியுள்ள ஆழமான முனைகளில் முதலில் தேடுங்கள்.

விடியற்காலை, மேகமூட்டம், தண்ணீர் மேல் சிற்றலை கிளப்பும் காற்று: மூன்றும் லூரின் பொய்யை மறைக்கும். கண்ணாடிபோல் அசையாத நண்பகல் தண்ணீரில் மீன் வரும், பார்க்கும், போகும். கலங்கிய தண்ணீரில் கிளைட் பெய்ட்டைப் பெட்டியில் வைத்துவிட்டுத் தண்ணீரை அதிகமாக அசைக்கும் வேறு வகைக்கு மாறுங்கள்.

கோளாறுகள்

லூர் பக்கவாட்டில் சாய்ந்து வந்தால் முதலில் வேகத்தைக் குறையுங்கள். அப்போதும் சாய்ந்தால், முள் மாற்றியிருக்கிறீர்களா என்று யோசியுங்கள். தடித்த முள்ளை மாட்டியதும் சில கிராம் கூடி, மெதுவாக மூழ்க வேண்டிய லூர் கல்லாக இறங்கும். புது முள்ளைப் பழையதோடு எடை பார்த்துத்தான் மாற்ற வேண்டும். குறைவாக இருந்தால் வயிற்றில் ஒட்டும் ஈயத்தாள் துண்டு போதும்.

மென்பிளாஸ்டிக்கின் வால் பெட்டியில் மடங்கிக் கிடந்தால் லூர் ஒரு பக்கமாகச் சுழலும். கொதித்து இறக்கிய தண்ணீரில் சில விநாடி முக்கி, நேராக்கி, குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். வாங்கியபோது வந்த வார்ப்புத் தட்டிலேயே வைப்பது நல்லது. மற்ற பிளாஸ்டிக் லூர்களோடு ஒட்டி வைத்தால் ஒன்றையொன்று கரைத்துப் பிசுபிசுக்கும்.

கடி விழுகிறது, மாட்டவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் கை. சின்ன லூரின் பழக்கத்தில் வெடுக்கென்று இழுத்தால் லூர் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். கனம் தெரிந்ததும் ரீலைச் சுற்றிக்கொண்டே கோலைப் பக்கவாட்டில் நீளமாக இழுங்கள். வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகும் மீன்கள் தொடர்ந்தால், பின்பக்க மும்முள்ளை இன்னும் வாலோரம் நகர்த்தலாம்.

மாட்டிய பிறகு கனமான லூரே மீனுக்கு நெம்புகோல் ஆகிவிடும். தலையை உதறும்போது 150 கிராம் ஆடி முள்ளைத் தளர்த்தும். இதற்காகவே சில லூர்களில் நரம்பு உடலுக்குள் புகுந்து வெளியே வந்து முள்ளில் கட்டப்பட்டிருக்கும். மீன் மாட்டியதும் லூர் நரம்பில் மேலே வழுக்கிப் போய்விடும், முள் மட்டும் வாயில் நிற்கும். மற்ற லூர்களில் செய்யக்கூடியது ஒன்றுதான்: மீன் மேலே எழும்போது கோல் நுனியைத் தண்ணீருக்குள் அழுத்தி, குதிக்கவிடாமல் வைப்பது.

பிடித்த மீனை

மும்முள் தொங்கும் வாய்க்குள் விரலை விடாதீர்கள். ரப்பர் பூசிய பெரிய கைவலையால் எடுங்கள். முள் கழற்ற நீண்ட மூக்குக் குறடு, முள்ளையே வெட்டும் குறடு இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். 4 கிலோ மீனைக் கீழ்த்தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் தாடை மூட்டு கெடும். ஒரு கை தாடையில், மற்றது வயிற்றுக்குக் கீழே, மீன் படுக்கை வாட்டில். எடை பார்ப்பது வலையோடு சேர்த்து; பிறகு வலையின் எடையைக் கழித்துக்கொள்ளலாம்.

திரும்ப விடுவது அமெரிக்க ஏரிகளில் பாஸ் பிடிப்பவர்களின் வழக்கம். பிவா ஏரியில் நிலைமை தலைகீழ்: அங்கே பிடித்த பாஸையும் புளூகில்லையும் திரும்ப ஏரியில் விட ஷிகா மாகாணம் தடை விதித்திருக்கிறது. எந்த ஏரியானாலும் அந்த ஊர் விதியை முதலில் படித்துக்கொள்ளுங்கள். மீனை விட்ட கையோடு நரம்பின் கடைசி இரண்டு மீட்டரை விரலிடுக்கில் ஓட்டிப் பாருங்கள். பாஸின் அரப்பற்கள் உரசிய இடம் சொரசொரப்பாகத் தெரியும்; அதற்கு மேலே வெட்டி, புதிதாக முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த வீச்சுக்குப் போகலாம்.